தள்ளி நின்று பார்க்க வேண்டிய முகம்

போன வாரம் கணினிப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், மகளே. "அப்பா, ராஸ்டர் படத்துக்கும் வெக்டர் படத்துக்கும் இன்னா வித்தியாசம்? தெனம் அதுலயே கெடக்கறியே, சொல்லேன்" என்றாய். நான் வண்டி சேறாக இருக்கிறது என்று சொல்லி வெளியே போய், சேறே இல்லாத வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளேயிருந்து தம்பியிடம், "அப்பாவுக்கே தெரியல போலடா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். ஆனால் அதைச் சொன்னால் அம்மாவின் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். ஆறு வருடமாக உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று அதில் இருக்கிறது. வாயால் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவது படித்துவிட்டு ஆறு மாதம் டிடிபி கற்றுக்கொண்டவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் உன் பாடம்.

மாமா வீட்டுப் பக்கத்துப் பாறையில் சாமை காய வைப்பார்கள், பார்த்திருக்கிறாய். மேட்டிலிருந்து பார்த்தால் பாறைமேல் யாரோ வேட்டியை விரித்துப் போட்டதுபோல இருக்கும். கிட்டே போனால்தான் மணி மணியாகத் தெரியும். போனில் எடுக்கிற போட்டோவும் அப்படித்தான். சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிறம். அதைத்தான் உன் புத்தகம் ராஸ்டர் என்கிறது. எங்கள் கடையில் அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை, பிக்சல் என்போம். ஒரு படி சாமையை முறத்தில் பரப்பினால் முறம் நிறைந்துவிடும். அதே ஒரு படியைப் பாறை முழுக்கப் பரப்பச் சொன்னால் நடுநடுவே பாறை தெரியும். கம்ப்யூட்டர் அப்படிப் பாறை தெரிய விடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மணியையும் செங்கல் அளவுக்கு ஊதிவிடும். சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் செங்கல் செங்கலாகத் தெரிவது அதனால்தான். புதிதாக ஒரு மணியைக்கூட அதனால் உண்டாக்க முடியாது.

வெக்டர் வேறு. நிலம் அளக்க வருகிறவர்கள் மூலைக்கு மூலை கல் நட்டுக் கயிறு இழுப்பார்கள் இல்லையா, அது மாதிரி. ஃபைலுக்குள் மணியே கிடையாது. இந்தக் கல் இங்கே, அந்தக் கல் அங்கே, நடுவில் கயிறு இவ்வளவு வளைகிறது என்று மட்டும்தான் எழுதி வைத்திருக்கும். நீ பெரிதாக்கச் சொன்னால் கல்லைத் தள்ளி நட்டுக் கயிற்றைப் புதிதாக இழுத்துக்கொள்ளும். நகம் அளவில் இருந்தாலும் மலை அளவில் இருந்தாலும் விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல இருக்கும். எழுத்து, பூ வளைவு, குத்துவிளக்கு, வாழைமரம் எல்லாம் எங்கள் கடையில் வெக்டர்தான். ஃபைலும் கனக்காது.

பரீட்சையில் இதை எழுதாதே. புத்தகத்தில் இருக்கிறபடி எழுது.

போளூரில் நான் வேலை செய்கிற பேனர் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காலைப் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி, சாயங்காலப் பஸ்ஸில் ஏறுகிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காது குத்து, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க ஊரார் முகத்தைப் பெரிதாக்குவதுதான் வேலை. ஒருமுறை மலைமேலிருந்து ஒரு பெரியவர் வாக்காளர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவருடைய தம்பி இறந்துபோயிருந்தார். அட்டையில் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான்.

"பத்தடிக்கு எட்டடி போடுப்பா" என்றார்.

"இத அவ்ளோ பெருசு பண்ணா உடைஞ்சிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டோ இன்னா சட்டியா, உடையறதுக்கு?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கேழ்வரகு மாவைக் கிண்டிக்கொண்டே, "பாவம், அவரு தம்பி மூஞ்சி அவ்ளோதான் மிச்சம். அதப் போய் சிரிக்கறீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

"ஊருல செத்தவங்க மூஞ்சியெல்லாம் பந்தல் ஒசரத்துக்கு ஏத்தறீங்க. கட்டனவள ஒரு தாட்டி ஒழுங்கா போட்டோ எடுத்துக்கீறீங்களா?"

"நீ மொதல்ல போய்ச் சேரு, ஒனக்கு ஊரிலயே பெருசா போடறேன்" என்றேன் விளையாட்டாக.

"எத வெச்சிப் போடுவீங்க?" என்றாள்.

அன்றைக்கு அது வெறும் பேச்சு. அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன்.

உண்மையிலேயே அவளுக்குப் படம் இல்லை. கல்யாண ஆல்பம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான்தான் பிரித்தேன். பிரித்தபோது அவள் முகம் எதிர்த்தாளில் வெள்ளைச் சுண்ணாம்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் கண்ணில் அடித்து முகம் சுளித்திருப்பாள். "ஆடு திருடனவள புடிச்சி நிக்கவெச்ச மாதிரி கீது" என்று அவளே சொல்லுவாள். நான் கேமரா போன் வாங்கிய பிறகு அதை வைத்துப் படம் எடுத்ததெல்லாம் அவள்தான். உன்னை, தம்பியை, குட்டி போட்ட ஆட்டை. அந்தப் படங்களில் சிலவற்றில் அவள் விரல் மூலையில் தெரியும். ஒன்றில் அவள் நிழல் உன் பாவாடை மேல் விழுந்திருக்கும்.

நல்ல படம் என்று ஒன்றே ஒன்று இருந்தது. தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, பேனருக்காக வீட்டில் ஒவ்வொருவரையும் நான் படம் எடுத்தேன். அம்மா கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "இருங்க, தலையாவது வாரிக்கினு வர்றேன்" என்று திரும்பியவளின் முந்தானையை ஆட்டுக்குட்டி கவ்வி இழுத்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எடுத்தேன். அம்மை வடு, மூக்குத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த மயிர், ஒன்றுகூடத் தப்பாமல் அதில் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் மறைத்து வைத்தது.

காது குத்துப் பேனரில் நடுநாயகம் தாய்மாமன்தான், தெரியும் உங்களுக்கு. மாமா முழு உருவமாக நடுவில், பக்கத்தில் தம்பி. மற்றவர்கள் எல்லாம் ஓரத்தில் வட்டத்துக்குள். அம்மாவையும் ஒரு வட்டத்துக்குள் போட்டேன். அவள் படத்தில் வெளிப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனரில் இருப்பவர்கள் உள்பக்கமாகப் பார்த்தால்தான் அழகு என்பது எங்கள் தொழில் வழக்கம். அதனால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. பிறகு, கடைக் கம்ப்யூட்டர் பழசு, ஃபைல் கனத்து நகரவே மாட்டேன் என்றது. வட்டத்தில் இருந்த படங்களையெல்லாம் வட்டத்துக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கினேன். சுருக்குவது என்றால் மணிகளை அள்ளிக் கொட்டிவிடுவது. திரும்பி வராது. வேலை முடிந்ததும் கடை வழக்கப்படி எல்லாருடைய போட்டோவையும் அழித்தேன். டிசைனை மட்டும் வைத்துக்கொள்வோம். அடுத்த காது குத்துக்குப் பேரை மாற்றினால் போதும். போனிலும் இடம் இல்லை என்று அங்கேயும் அழித்தேன்.

உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறேன்? போன் ஓடையில் விழுந்து படம் போய்விட்டது என்று. போன் ஓடையில் விழவே இல்லை.

பேனரைப் பார்த்த அம்மா, "எங்கண்ணன் ஆளொசரம் நிக்கறான், நான் ஒரு அப்பளம் கணக்கா ஓரத்துல கீறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்ததை அவள் சொல்லவில்லை. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். படுத்த பிறகுதான் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீங்கள் மாமா வீட்டில் இருந்தீர்கள். ஏழாம் நாள் அவளை மேலே கொண்டுவந்தோம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஆகவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மாமா என்னிடம் வந்து உட்கார்ந்தார். நம் மலையில் ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. எல்லா ஊருக்கும் போன் எடுக்காது. கருமாதிக்கு முன்னாலேயே பஸ் நிற்கிற திருப்பத்தில் பேனர் கட்டிவிட்டால், போகிற வருகிற சனம் பார்த்துச் சேதி சொல்லிக்கொள்ளும். யார் போனது என்பது முகத்தைப் பார்த்தால்தான் பலருக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

"ஆறுக்கு எட்டு போடு மாப்ள" என்றார் மாமா. "மூஞ்சி பெருசா வரணும். ஊர்க்காரனுக்கெல்லாம் போட்டவன் எந்தங்கச்சிக்கு ஓரமா போட்டன்னு வெய்யி, நாலு பேரு காறித் துப்புவான்."

"சரி மச்சான்" என்றேன். வேறென்ன சொல்லுவேன்.

தம்பி அவர் மடியில் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு ஆறு வயது. "எவ்ளோ பெருசு மாமா? அம்மா கைய நீட்டினா எட்டற அளவுக்கா?" என்று கேட்டான். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் கடையில் அந்தக் காது குத்து ஃபைலைத் திறந்தேன். ஓரத்துக் கொடி, கொடியில் பூ, பூவுக்குள் நரம்பு எல்லாம் நேற்றுப் போட்டதுபோல இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அலுங்கவில்லை. தம்பி பேர் மின்னியது. அம்மா வட்டத்துக்குள் சின்னதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வட்டத்தைப் பிடித்து இழுத்தேன். சிரிப்பு கலைந்தது. இன்னும் இழுத்தேன். கண் இருந்த இடத்தில் ஏழு கட்டம் இருந்தது. நாலு கறுப்பு, இரண்டு பழுப்பு, ஒன்று வெள்ளை. அந்த வெள்ளைக் கட்டம்தான் அவள் பார்வை. மூக்குத்தி ஒரு கட்டம். எத்தனையோ பேருக்கு "உடைஞ்சிடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளையே வெக்டராக வரைந்துவிட்டால்? கல்லும் கயிறுமாக மாற்றிவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதே. கட்டத்துக்கு மேலே கோடு போட ஆரம்பித்தேன். புருவத்துக்கு ஒரு வளைவு, உதட்டுக்கு இரண்டு, தாடைக்கு ஒன்று. அம்மைத் தழும்பு மாதிரி கட்டத்தில் தெரியாததை நினைவிலிருந்து போட்டேன். இரண்டு நாள் ஆனது. வந்த வேலைகளை முதலாளியே பார்த்துக்கொண்டார். முடித்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. திரை முழுக்கப் பெரிதாக்கியும் ஒரு பிசிறு இல்லை. ஏதோ செய்துவிட்டோம் என்றே நினைத்தேன். தாளில் ஒன்று எடுத்து மடங்காமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்தத் தாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்து வயது. வாசல் வெளிச்சத்தில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாய்.

"நல்லா கீதுப்பா" என்றாய். பிறகு, "யாரு இது?" என்றாய்.

நீ கேலி பண்ணவில்லை. என் வேலையைக் காட்டுவதற்காக யாருடைய படத்தையோ கொண்டுவந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தாய். தம்பி எட்டிப் பார்த்து, "துணிக்கடை பைல இருக்கற அக்கா" என்றான்.

"ஒங்கம்மாடி" என்றேன்.

நீ திரும்பவும் பார்த்தாய். "அம்மாவுக்கு அம்மத் தழும்பு இந்தாண்ட இல்லப்பா, அந்தாண்ட. மூக்குத்தியும்தான். நீ மாத்தி மாத்திப் போட்டுக்கீற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் படத்தை நான் திருப்பிப் போட்டிருந்தேன் என்று. பதினொரு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பாடு போட்டவள். அவள் முகத்தில் இடது எது வலது எது என்று எனக்குத் தெரியவில்லை. இடம் வலமாகத் திரும்பிக் கிடந்த முகத்தின்மேல் இரண்டு நாள் கோடு போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. நீ அழவில்லை. தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாய்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் கோடு போட்ட முகத்தையும் கட்டம் கட்டமான முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பொம்மைப்பா" என்று ஒன்றைத் தள்ளினார். "இது உடைஞ்சிருந்தாலும் ஒம் பொண்டாட்டி. இதையே போடு. ஃப்ளெக்ஸ எவன் மூக்க ஒட்டிப் பாக்கறான்? ஒசரமா, ரோட்டுக்கு அந்தாண்ட கட்டு. தள்ளி நின்னா ஒண்ணும் தெரியாது."

அது நிஜம்தான். சாமையேதான். கிட்டே மணி, தூரத்தில் வேட்டி. கட்டங்களை அப்படியே வைத்தேன். முகத்தை அதன் சொந்தப் பக்கத்துக்குத் திருப்பினேன். கொஞ்சம் மழுக்கினேன். அச்சு மெஷின் ஒரு சாண் ஒரு சாணாகத்தான் தள்ளும். நெற்றி வந்தது, புருவம் வந்தது, அந்த ஏழு கட்டம் வந்தது. ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அளவு. மை வாடையில் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அவள் தெரியவில்லை. ஆணியில் மாட்டிவிட்டு, தெருவைத் தாண்டி எதிர் மெடிக்கல் ஷாப் படியில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். கடைக்குள்ளே ஆணியில் அவள் தொங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் நிற்கிற திருப்பத்தில், சாலைக்கு எதிர்ப்பக்கம், ஓடைக்கு மேலே மேட்டில் இரண்டு கம்பம் நட்டு நானும் மாமாவும் கட்டினோம். கட்டி முடித்து இந்தப் பக்கம் வந்து நின்றதும் மாமா வாயில் துண்டை வைத்துக்கொண்டார். "அப்படியே கீறாடா மாப்ள" என்றார். பஸ் ஜன்னலில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். மேல் ஊர்க்காரர் ஒருவர், "இந்தப் பொண்ணா? ஐயோ, போன சந்தையில புளி வாங்கினேனே இதுகிட்ட" என்றார். மாமா கேட்டது நடந்தது. அவரிடம் கட்டத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கருமாதி அன்று கூட்டத்தில் தம்பியைக் காணோம் என்று தேடினோம். நான் திருப்பத்துக்கு ஓடினேன். அவன் ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி, பேனருக்கு அடியில் அண்ணாந்து நின்றிருந்தான். கையை நீட்டி அம்மாவின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தான். எட்டுகிற உயரத்தில் அதுதான் இருந்தது.

"அப்பா, அம்மா இங்க இல்ல" என்று கத்தினான். "வெறும் கட்டமா கீது!"

"இறங்கி வாடா. இங்கேருந்து பாரு, தெரிவா" என்றேன்.

அவன் திரும்பி ஓடி வரவில்லை. முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஒவ்வொரு அடியாக வந்தான். ஓடையில் கால் வழுக்கியது, அப்போதும் திரும்பவில்லை. சாலையில் ஏறினான். வண்டி எதுவும் வராதபடி நான் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். சாலையின் இந்த விளிம்புக்கு வந்ததும் நின்றான்.

"இங்க தெரியறாப்பா" என்றான்.

ஒரு அடி முன்னால் வைத்துப் பார்த்தான். திரும்பவும் பின்னால் வந்தான். பிறகு ஒரு கல்லை எடுத்துவந்து, தான் நின்ற இடத்தில் வைத்தான். அந்தப் பேனர் இருந்தவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் அந்தக் கல்மேல் நின்றுவிட்டுத்தான் வருவான். நீ அவன் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். அதைத் தாண்டி முன்னால் போகக் கூடாது என்று உங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது.

வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போயின. நீலமாக ஒரு முகம் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குப் பிறகு, காற்றில் கிழிவதற்கு முன்னால் மாமா அவிழ்த்துவந்து ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டார். முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரிதான் போட்டார். பேரும் ஓரத்துப் பூவும் அந்த வெளுப்பிலும் விளிம்பு விளிம்பாகத் தெரிந்தன.

இப்போது கடையில் நான் யாருடைய படத்தையும் அழிப்பதில்லை. தனியாக ஒரு டிஸ்க்கில் ஊர் பேர் போட்டு வைத்திருக்கிறேன். "வேலைக்கு ஆகாத குப்ப" என்று முதலாளி திட்டுகிறார். இருக்கட்டும்.

நம் வீட்டுப் படத்தைச் சிறிதாக்கியதும் நான்தான், அழித்ததும் நான்தான். ஓடையைச் சொன்னது பொய். தம்பி இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தால் நீ அவனை ஒன்றும் சொல்லாதே.

உன்னிடம் எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த அம்மைத் தழும்பு இடப்பக்கம் என்று நீ அன்றைக்குக் காட்டினாய். புருவத்துக்கு மேலேயா, புருவத்தின் வாலுக்குப் பக்கத்திலா? மிஞ்சிய கட்டங்களில் அது இல்லை. நான் கண்ணை மூடிப் பார்க்கும்போது ஒருநாள் இங்கே வருகிறது, ஒருநாள் அங்கே வருகிறது. தம்பிக்கு அந்த வயதில் எதுவும் நிற்கவில்லை. உனக்குத்தான் தெரியும். பரீட்சை முடியட்டும். ஒரு தாளில் வட்டம் போட்டு, எங்கே என்று ஒரு புள்ளி வைத்துக் கொடு.